பட்டமளிப்புக்குப் போன வாடகைக் கார்

மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக் கொழும்பு போக வேண்டும். அழைப்பு அட்டைகள் இரண்டு வந்திருந்தன, எனக்கொன்று, மனைவிக்கொன்று. காலை எட்டரைக்கு மண்டபக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதன் பிறகு யார் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று மகள் போனில் இரண்டு தரம் சொன்னாள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. திருகோணமலையில் இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்பு. ஆனால் யோசிக்க ஒன்றும் இல்லாத இடத்தில்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். போய் வருவது மோட்டார் சைக்கிளில். கார் ஓட்டத் தெரியும், அனுமதிப் பத்திரமும் இருக்கிறது, கார்தான் இல்லை. களஞ்சியத்துக்குப் போகும் வழியில் ஒருவர் நாள் வாடகைக்குக் கார் கொடுக்கிறார். அங்கே நின்ற வெள்ளைக் கார் ஒன்றை இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டே போய் வந்தேன்.

"அப்பா, கார் வேண்டாம்," என்றாள் மகள். "இஞ்ச கார் வச்சிருக்கிறவையே அதை வீட்டில விட்டிட்டு ஓட்டோவில போகினம். போன்ல அமத்தினா வாசலுக்கு வரும்."

"பிள்ளை, அப்பா எத்தினை வருசமா வாகனம் ஓடுறன்?" என்றேன்.

என் ஓட்டத்தின் எல்லை வடக்கே குச்சவெளி, தெற்கே தம்பலகாமம். டவுனுக்குள் திரியும் மான் குறுக்கே வந்தால் நிற்பேன். தம்பலகாமத்தில் யானை நின்றால் திரும்பி வந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த வீதி ஒழுங்கு முழுவதும் இவ்வளவுதான்.

மனைவி ரயிலின் பக்கம். "நீங்கள் எதில வந்தனீங்கள் எண்டு ஆர் பாக்கப் போகினம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. பார்க்க வேண்டும் என்பதுதானே என் ஆசையே! மகள் அங்கியோடு வெளியே வருவாள், அவளோடு படித்தவர்களின் தாய் தகப்பன்மார் நிற்பார்கள், நான் கார்க் கதவைத் திறந்து பிடிப்பேன். களஞ்சியத்தில் மேசைக்கு முன்னால் இருந்தபடி இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். கடைசியில் யாருக்கும் சொல்லாமல் போய் அந்த வெள்ளைக் காரைப் பேசி முடித்தேன்.

யாருக்கும் சொல்லாத செய்தி எங்கள் குறுந்தெருவான ஒழுங்கை முழுவதும் பரவ அரை நாள் பிடித்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. கொழும்புக்கு ஒரு வாகனம் வெறுமையாகப் போகக் கூடாது. ரயிலில் போகிறவனை விட்டுவிடுவார்கள், பாவம் என்று. கார் என்றால் அங்கேயிருக்கும் உறவுகளுக்குக் கருவாடும் தயிர்ச்சட்டியும் நம் வாசலுக்கு வந்துவிடும். மாட்டேன் என்றால் ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று கதை வரும். எனக்கு அது நிஜமாகவே வந்திருந்ததால் மறுக்க இன்னும் பயமாக இருந்தது.

முன்வீட்டு அக்கா ஐஸ் போட்ட பெட்டியில் நண்டு கொண்டுவந்தார். "தம்பி, மகள் மட்டக்குளியில இருக்கிறாள். மாசக்கணக்கா நண்டு நண்டெண்டு கேக்கிறாள். நீங்கள் போற வழியிலதானே, இறக்கிப்போட்டுப் போங்கோ."

வழியில்தான், அதில் பிழையில்லை. பிழை என்னில். விழாவுக்கு முதல்நாள் நானும் மனைவியும் காரில் புறப்பட்டோம். கொழும்புக்குள் நுழையும் இடத்தில் வீதிகள் பல கிளையாகப் பிரிகின்றன. பின்னால் வந்தவர்கள் அடித்த ஹோர்ன் சத்தத்தில் ஏதோ ஒன்றில் ஏறிவிட்டேன். திரும்ப வழி கிடைப்பதற்குள் நகரத்தின் மறுகோடிக்கே வந்தாயிற்று. நாங்கள் தங்க வேண்டிய வெள்ளவத்தை வீடு தற்செயலாக எதிர்ப்பட்டது. கருவாட்டையும் தயிரையும் உரியவர்கள் அன்று மாலையே வந்து எடுத்துக்கொண்டார்கள். மட்டக்குளி மற்றக் கோடியில் இருந்ததால் நண்டு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவி, "நண்டு கிடக்கட்டும். முதல்ல மண்டபத்துக்குப் போவம்," என்றாள்.

"ஐஸ் கரையுது. கார் இருக்குதானே, ஓடிப்போய்க் குடுத்திட்டு வாறன். நீர் வெளிக்கிட்டு நில்லும்."

"நான் நிக்க மாட்டன். ஓட்டோவில போறன். நீங்கள் நேர அங்க வாங்கோ."

இப்படித்தான் நான் காருடனும் நண்டுடனும் தனியாகப் புறப்பட்டேன். மட்டக்குளிக்குப் போய்ச் சேர ஏழே கால். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்காவின் மகள், "தேத்தண்ணி குடிக்காமப் போக ஏலாது," என்றாள். அதையும் மறுத்திருப்பேன். ஆனால் அவளுடைய கணவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவான கார் அண்ணை, எப்ப எடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி வந்தது, பிறகு பிஸ்கட் வந்தது. ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதுவரை விளக்கம் சொன்னேன்.

எழுந்து வந்தபோது புறக்கோட்டைப் பக்கம் லொறிகள் இறங்கியிருந்தன. முன்னால் லொறி, பின்னால் லொறி, நடுவில் நான். எட்டரை மணி எனக்கு ஒரு சந்தியில் கழிந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கதவு பூட்டப்படுவதை நினைத்தேன்.

மண்டப வளவுக்குள் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கி நெடுநேரம். கதவு பூட்டித்தான் இருந்தது. அப்போதும் எனக்குக் காரை விட இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு காவலாளி விசிலடித்து, இரண்டு பஸ்களுக்கு நடுவே ஓர் இடைவெளியைக் காட்டினார். கழுத்தைத் திருப்பிப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே நிற்பவர்களுக்காக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதில் என் பெயர் கேட்டது. காரைத் தவறான இடத்தில் விடுகிறேன், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பிரேக்கை அமத்தினேன். உடனே மகளுடைய பெயரும் வந்தது. எங்களில் தகப்பன் பெயரை முன்னால் வைத்துத்தானே பிள்ளையின் பெயரை வாசிப்பார்கள். என் பெயரை வாழ்நாளில் யாரும் அவ்வளவு பெரிதாக வாசித்ததில்லை. கைதட்டல் கேட்டது. பின்னால் வரச்சொல்லிக் காவலாளி விசிலடித்தார். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

விழா முடிந்து தாயும் மகளும் வெளியே வந்தார்கள். அங்கியில் அவள் வடிவாக இருந்தாள். மனைவி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள்தான் கிட்ட வந்தாள்.

"மேடையில நிண்டு பாத்தனான் அப்பா. உங்கட கதிரையில ஒருத்தரையும் இருக்க விடாம அம்மா கைப்பையை வச்சிருந்தவ. கடைசி மட்டும் எடுக்கேல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன்.