முருங்கை மரத்தடியில் என் மண்ணீரல்

‘1958 செப்டம்பர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு’ என்று அப்பா பென்சிலால் பின்புறம் எழுதிய புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சட்டையைத் தூக்கி, இடது விலாவுக்குக் கீழே உள்ள தையலைப் பதக்கம்போல் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அதற்கு முந்தைய ஓராண்டு, லேசாக இடித்தாலே எனக்கு நீலம் பாயும். மூக்கில் ரத்தம் வந்தால் நிற்காது. வாத்தியாரின் பிரம்பு என்னைத் தாண்டி அடுத்த பையனிடம் போய்விடும். அந்த மட்டில் எனக்கு வியாதிமேல் புகார் இல்லை. ரத்தம் ஊறட்டும் என்று அம்மா ஞாயிறு தவறாமல் ஆட்டுச் சுவரொட்டியைத் தோல் உரித்து, மிளகு போட்டு வதக்கித் தருவாள்.

ஆஸ்பத்திரியின் பிரெஞ்சு டாக்டர் சொன்னது வேறு. ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களை என் மண்ணீரலே அழித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. சுவரொட்டி என்பதும் ஆட்டின் மண்ணீரல்தான் என்று மாமா விளக்கினார்.

“அப்ப இத்தினி நாளா எதிராளிக்கா ஆக்கிப் போட்டேன்?” என்றாள் அம்மா.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய், பென்ஷனோடு திரும்பியவர். ஆஸ்பத்திரியில் எங்களுக்காகப் பிரெஞ்சு பேசியவர் அவர்தான். அம்மா ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் புதைத்த முருங்கை மரத்தடியிலேயே அதையும் புதைக்க வேண்டும். மாமா பட்டாளத்தான் வாக்கு என்று சத்தியம் செய்தார்.

நான் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, தாமரை இலைப் பொட்டலத்தோடு வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்தில் போட்டு வைத்திருந்தார்களாம். அம்மா பிரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

“சுவரொட்டி மாதிரியே இருக்குது மாமா.”

“மாதிரிதான் இருக்கும் மாப்ள. ஒனக்கும் ஆட்டுக்கும் அவ்ளோ ஒண்ணும் வித்தியாசம் இல்ல.”

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அம்மா அதை முருங்கை மரத்தடிக் குழியில் வைத்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, மண்ணைத் தள்ளி மூடினாள். மத்தியானம் மாமாவுக்குக் கோழிக் குழம்பு ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“கறிக்கடையில இன்னிக்கி கூட்டமாண்ணே?”

மாமாவுக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். குழம்பில் காரம் அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே வாத்தியாரின் பிரம்பு என்னிடமும் நின்றது, நீலம் பாயவில்லை. என் மண்ணீரல் சீசாவில் அடைக்கப்பட்டுக் கப்பலேறி, பிரெஞ்சுத் துறைமுகமான மார்சேய் போனதாக மாமா பிற்காலத்தில் சொல்லிவந்தார். அதற்கு ஆதாரம் எதுவும் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.