பிடியரிசி போகிற வீடு

எங்கள் வீட்டில் தீப்பெட்டிகூட இடம் மாறி இருக்கக் கூடாது. அடுப்புக்கு வலப்பக்கம், உப்புச் சிரட்டைக்கு மேலே இருக்கும் சின்ன மாடத்தில்தான் அது இருக்க வேண்டும். இருட்டில் கையை நீட்டினாலும் அகப்பட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மற்ற வீடுகளில் பிள்ளையைக் காணவில்லை என்றால்தான் ஊரைக் கூட்டுவார்கள், இவள் அகப்பையைக் காணவில்லை என்றாலே கூட்டிவிடுவாள் என்று அத்தை கேலி செய்வாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வேலிக்கு அப்புறம் அவள் வீடு. அங்கே அகப்பை கிணற்றடியில் கிடக்கும், வேதப்புத்தகம் அரிசிப் பானைக்கு மூடியாக இருக்கும், கோழி கட்டிலில் ஏறி முட்டையிடும். அத்தை ஜெபம் செய்வதும் அப்படித்தான். மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்தபடி ஆண்டவரிடம் பேச ஆரம்பிப்பாள், நடுவில் கோழியைத் திட்டுவாள், திரும்பவும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அம்மாவுக்கு இதைக் கேட்டாலே பல் கூசும்.

கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்கள் நிற்கிற ஒரு சரிவில் எங்கள் வீடு இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா ரப்பர் வெட்டுக்காரர், மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், கோயிலில் இரண்டும் பாதிப் பாதி. ஆண்டவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும், ஆனால் ஒழுங்கில்லாமல் பேசினால் பிடிக்காது என்று அம்மா நம்பினாள். அதனால் அந்தியில் விளக்கு வைத்ததும் பாய் விரித்துச் செய்கிற குடும்ப ஜெபத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்தோத்திரம், பிறகு நாட்டை ஆளுகிறவர்கள், பிறகு சபை, பிறகு நோயாளிகள், பிறகு அடுப்பெரியாத வீடுகள். நாங்கள் எல்லோருக்கும் பின்னால்தான். பரீட்சைக் காலத்தில் நான் அவசரப்பட்டு என்னை முன்னால் கொண்டுவந்தால், அம்மா கண்ணைத் திறக்காமலே ஒரு செருமல் செருமுவாள். நான் நோயாளிகளிடம் திரும்பிப் போவேன்.

பிடியரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை முதலில் எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். சிலர் சோறு பொங்கிய பிறகு ஞாபகம் வந்து போடுவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. "மிஞ்சினத குடுக்கியது பிச்சையாக்கும். முன்ன எடுத்து வைக்கியதுதான் காணிக்கை" என்பாள்.

எல்லா வீட்டு அரிசியும் கோயிலில் ஒரே பெட்டியில்தான் விழும். ரேஷன் கடைப் புழுங்கல், சிவந்த சம்பா, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதை எடுத்து, கஷ்டப்படுகிற வீடுகளுக்குச் சனிக்கிழமை தோறும் கொண்டு கொடுப்பது அம்மாவும் போதகரின் மனைவியும்தான். போதகரின் மனைவியை எங்கள் பக்கத்தில் கொச்சம்மா என்பார்கள். அவர் ஊருக்குப் புதிது, அம்மாவைவிட இளையவர். அந்த வேலையின் முறையை அம்மாதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ரோட்டு வழியாகப் போகக் கூடாது, புறக்கடை வழியாகத்தான் போக வேண்டும். படியில் ஏறக் கூடாது. அவர்களுடைய அடுப்பைப் பார்க்கக் கூடாது. எவ்வளவு வற்புறுத்தினாலும் காப்பி குடிக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடவே போகிற எனக்குத் தனியாக ஒரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மூச்சு விடக் கூடாது.

நான் மூச்சு விடாமல் இருந்தும் பயனில்லை. அந்த அரிசியே சொல்லிக்கொடுத்துவிடும். கலந்து பொங்கினால் பச்சரிசி குழைந்து களியாகிவிடும், சம்பா முழித்துக்கொண்டு நிற்கும். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் வெள்ளையும் சிவப்புமாகத் தெரியும். "கோயில் சோறு" என்று யாராவது மெல்லச் சொல்லுவார்கள். அந்தப் பிள்ளை மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு சாப்பிடும்.

அந்த வருஷம் ஜூனில் தொடங்கிய இடவப்பாதி மழை பிடித்த பிடியில் விடவில்லை. மழை பெய்தால் ரப்பர் வெட்டு கிடையாது. அது போதாதென்று அப்பா சரிவில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். வைத்தியர் தப்பை வைத்துக் கட்டி, அசையக் கூடாது என்று முன்னறைக் கட்டிலில் கிடத்திவிட்டார். அம்மாவின் ஒழுங்கு இன்னும் இறுகியது. காலையில் மரச்சீனி, மதியமும் அதுவே, அந்திக்கு மட்டும் கஞ்சி என்றானது. கஞ்சியில் சோற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் உலைக்கு முன்னால் ஒரு பிடி கலயத்துக்குப் போனது. அந்தப் பிடி மட்டும் சின்னதாகவில்லை.

மரச்சீனி கொண்டுவந்த அத்தை ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள்.

"பிள்ளே, உனக்க பிள்ளைக்கு கஞ்சி வெறும் தண்ணியாட்டு கெடக்கு. நீ பிடியரிசி எடுக்கியா? ஆண்டவரு என்ன, உனக்க கலயத்துல எட்டிப் பாத்துட்டா இருக்காரு?"

"அவரு பாக்காண்டாம். எனக்குத் தெரியும்லா" என்றாள் அம்மா. அத்தையின் கூடையை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல், கறிவேப்பிலையை ஒடித்து அதில் போட்டாள். யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தையும் கொச்சம்மாவும் ஒரே குடைக்குள் பேசிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அத்தைக்குச் சொந்தக் குடை எங்கே வைத்தோம் என்று தெரிந்திருக்காது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவை யாரும் அழைக்க வரவில்லை. மத்தியானம் மழை சற்றுத் தணிந்தபோது புறக்கடையில் ஒரு இருமல் கேட்டது. கொச்சம்மா நின்றிருந்தார். மரச்சீனிக்கு நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதை வழியாக வந்திருந்தார், சேலைக் கரையெல்லாம் சேறு. ஒரு கையில் குடை, மறு கையில் துணிப்பை. படியில் ஏறவில்லை. அடுப்பைப் பார்க்காமல் வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அம்மா கையில் அகப்பையோடு நின்றாள். பிறகு குனிந்து அகப்பையைத் தரையில் வைத்தாள். அவள் அகப்பையைத் தரையில் வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உள்ள வாருங்க கொச்சம்மா. ஒரு கட்டன் காப்பி குடிச்சிட்டு போவலாம்."

"இல்ல அக்கா... இத மட்டும் தந்துட்டு..."

"குடிச்சிட்டுத்தான் போணும்."

கொச்சம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, குடையை மடக்கி, கால் கழுவி உள்ளே வந்தார். அம்மா நல்ல பாயை விரித்தாள். பண்டிகைக்கு எடுக்கிற டம்ளரில், கடைசியாக இருந்த கருப்பட்டித் துண்டைப் போட்டுக் காப்பி கொடுத்தாள். இருவரும் மழையைப் பற்றியும், பெண்கள் கூட்டத்தில் பாட வேண்டிய பாட்டைப் பற்றியும் பேசினார்கள். பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்தபோது கொச்சம்மா பழக்கத்தில் புறக்கடைப் பக்கம் திரும்பினார். அம்மா தடுத்து, முன்வாசல் வழியாக, ரோடு வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினாள். "வாறேன் அக்கா" என்று அவர் சொன்னது எதிர்வீடு வரை கேட்டிருக்கும்.

எனக்கு விஷயம் தெளிவாகவே விளங்கியது. மழையில் பையைத் தூக்க முடியாமல் கொச்சம்மா இங்கே வைத்துவிட்டுப் போகிறார், நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"எந்த வீட்டுக்கும்மா?"

"நமக்கு அறிஞ்ச வீடுதான் மக்கா."

"எப்பம் போணும்?"

"மழ விடட்டு."

அம்மா சுளகை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். கல் பொறுக்கத்தான் என்று நினைத்தேன். அவள் அரிசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு ஒரு பக்கம், புழுங்கல் ஒரு பக்கம், பச்சரிசி ஒரு பக்கம். ஒழுங்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் தோன்றியது.

"எதுக்கும்மா பிரிக்க?"

"அந்த வீட்டுல ஒராளுக்குச் சுகமில்ல. கலந்து வச்சா ஒண்ணு கொழையும், ஒண்ணு வேவாது. பின்ன, அங்க பள்ளிக்கூடம் போற பிள்ளையும் உண்டு."

"மத்த வீட்டுக்கெல்லாம் நாம பிரிக்காமலா குடுத்தோம்?"

அம்மாவின் கை நின்றது. "அப்பம் எனக்குத் தெரியேல மக்கா" என்றாள்.

அப்பாவின் கால் சரியான பிறகு அவள் செய்த முதல் காரியம், கோயிலில் அரிசிக்கு மூன்று பெட்டி வைக்கச் சொல்லி எல்லோரிடமும் வாதாடியதுதான். பெண்கள் கூட்டமே சிரித்தது. சிரித்தாலும் பெட்டி வந்தது. ஆனால் அது பின்னாடி நடந்த கதை.

அன்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன். அந்த வீட்டுப் பிள்ளையை எனக்குத் தெரிந்திருக்குமோ, என் வகுப்பாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே, ஒரு சிவப்பு மணிகூட வெள்ளையில் சேர்ந்துவிடாமல் பொறுக்கினேன். முன்னறைக் கட்டிலிலிருந்து பார்த்தால் நாங்கள் இருந்த இடம் நேராகத் தெரியும். அப்பா தூங்குவதுபோல் கண்மேல் கையை மடக்கி வைத்துப் படுத்திருந்தார்.

பிரித்து முடித்ததும் அம்மா வேலியைக் கடந்து அத்தை வீட்டுக்குப் போனாள். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நானும் பின்னால் ஓடினேன். அவள் அத்தையின் பாத்திரங்களையெல்லாம் கிணற்றடிக்கு வாரிக்கொண்டு போய், சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, பெரிசு சிறிசு பார்த்து அடுக்கி வைத்தாள்.

"இது என்ன பிள்ளே, நான் செத்தா போனேன்?" என்று கேட்டாள் அத்தை. அப்புறம் அவளே தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். அம்மா செய்தது கோபமா நன்றியா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அந்திக்கு ஜெபம். அன்று என் முறை. அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன், ஆளுகிறவர்களுக்காகச் சொன்னேன், சபைக்குச் சொன்னேன், நோயாளிகளில் அப்பாவின் காலைச் சேர்த்தேன். அடுப்பெரியாத வீடுகளுக்கு வந்ததும், எனக்குள் இருந்த இரக்கமெல்லாம் பொங்கிவிட்டது. வழக்கத்தைவிட நீட்டினேன்.

"ஆண்டவரே, நாங்க அரிசி கொண்டு குடுக்கப்போற வீட்ட நினைச்சருளும். அங்க சுகமில்லாம கெடக்க ஆளுக்குச் சுகம் குடுத்தருளும். அந்தப் பிள்ளைக்கு வயிறு நெறயச் சோறு குடுத்தருளும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல நாணப்படாம இருக்கணும். பாவம், அந்த அம்மைக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும். எங்களுக்கு ஒரு குறையும் வைக்காம, மத்தவியளுக்குக் குடுக்க வச்சதுக்கு ஸ்தோத்திரம். ஆமேன்."

அம்மாவின் ஆமேன் வரவில்லை. எப்போதும் பாதித் தூக்கத்தில் முனகுகிற அப்பாதான், கட்டிலிலிருந்து கோயிலில் சொல்வதைப்போல உரக்க, "ஆமேன்" என்றார். கண்ணைத் திறந்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"வரிசை தப்பிட்டாம்மா?"

"இல்ல மக்கா. ஒண்ணும் தப்பேல" என்றாள். எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

சம்பாச் சோறு. எத்தனையோ நாளைக்குப் பிறகு, கஞ்சி இல்லை, சோறு. ஒன்றுபோல வெந்து, மணி மணியாக இருந்தது. சம்மந்தித் துவையலும் சுட்ட கருவாடும் இருந்தன. சம்பா எப்போது வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. சோறு முன்னால் இருக்கும்போது அதெல்லாம் கேட்கிற வயசு எனக்கு வரவில்லை. பிடியரிசிக் கலயத்தின் மூடிமேல் மட்டும் ஒரு சிவப்பு மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் வேண்டும் என்றேன். அம்மா மறுபடி வைத்தாள். அப்பா தன் தட்டிலிருந்தும் ஒரு கவளம் எடுத்து வைத்தார். வயிறு நிறைய நிறைய எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே மழை நின்றிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் நாளைக்கு இதேபோல் வயிறு நிறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.