கால் மரத்துக்குப் போச்சு

அப்பாவின் கால் மரத்துக்குப் போய்விட்டது என்று ப்ராக் நகரத்து டிராமில் வைத்து நாங்கள் நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது ஈஸ்டர் லீவு. ஜெர்மனியில் மருந்தியல் படித்துக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருந்த நாலு பெண்கள், பத்து நாளில் மூன்று ஊர் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தோம். மற்ற மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும். அந்தப் பாதியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. வழக்கம்போல் முழுக்கத் தமிழ் எழுத்து. வழக்கமாக நான் ஒரு ஹார்ட்டோ கட்டைவிரலோ அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு டிராமில் வேலை ஒன்றுமில்லை. மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். இடது கால் மரத்துக்குப் போய்விட்டது, கிளட்ச் மீது கால் உள்ளதா தெரியாது, என்ன செய்ய என்று இங்கிலீஷில் வந்தது. பக்கத்தில் இருந்த பூனேக்காரி எட்டிப் பார்த்து, "பைர் பேட் பே சலா கயா", கால் மரத்து மேலே போய்விட்டது, என்று ஹிந்தியில் சத்தமாகச் சொன்னாள். எதிர் சீட்டில் இருந்த செக் பாட்டி எங்களை முறைத்தாள். நான் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் மூன்றை அப்பாவுக்கு அனுப்பினேன்.

பிறகு அந்தப் பயணம் முழுக்க அதுவே பேச்சு. சார்லஸ் பாலத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஊர் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் நகர்வதுபோல் கூட்டத்தோடு நகர்ந்தோம். பாதியில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்றால், கால் மரத்துக்குப் போய்விட்டதாம். வியன்னாவில் அரண்மனைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது இன்னொருத்திக்கு. புடாபெஸ்ட்டில் எனக்கே. நிஜ மரம் ஒன்றில் காலைத் தூக்கி வைத்து ஃபோட்டோ எடுத்தோம். அந்த ஃபோட்டோ இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. நல்ல வெளிச்சம், நால்வரும் அழகாகத்தான் இருக்கிறோம்.

அப்பா எழுதியது இது. இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் அப்படியே தருகிறேன்.

"மக்கா, இடது கால் மரத்துப் போச்சு. வண்டி ஓட்டயில கிளட்ச் மேல கால் இருக்கான்னே தெரிய மாட்டேங்கு. என்ன செய்ய."

மரத்துப் போச்சு. இதைக் காதால் கேட்டிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட சொல். தரையில் ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் நானே சொல்வேன். அப்பாவுக்குப் பத்து வருஷமாக சுகர். சுகர்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போவது எங்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் தனிப் பாடம். அதில் எனக்கு நல்ல மார்க். ஆப்பைக் குறை சொல்லலாம் என்று பல நாள் முயன்றேன். 'என்ன செய்ய' என்பதை அது சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் நான் சிரித்திருக்கிறேன்.

தாராவியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா என்று கேட்டால், எங்கள் பில்டிங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், கீழே இறங்கினால் ஹிந்தி, ஸ்கூலில் இங்கிலீஷும் மராத்தியும். தமிழ் எழுத்து எங்களுக்குக் கடை போர்டிலும் சர்ச்சிலும் மட்டும்தான். பலரும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். என் வினை, எனக்குத் தெரியும் என்று அப்பா நம்பியது.

எட்டு வயதில் சர்ச்சில் வசனப் போட்டி வைத்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு வாரம் உருப்போட்டேன். போட்டி அன்று வேதப் புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்து, வரிமேல் விரலை ஓட்டியபடி தங்குதடையில்லாமல் ஒப்பித்தேன். முதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். "எம்மவ எப்படி வாசிக்கா பாத்தீயளா" என்று அப்பா ஆராதனை முடிந்து வாசலில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்ததை நான் கெடுக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு பாட்டுப் புத்தகத்தையும் அதேபோல் விரல் ஓட்டியே சமாளித்தேன்.

அப்பாவுக்கு டெம்போ ஓட்டுகிற வேலை. தாராவிப் பட்டறைகளில் சரக்கை ஏற்றிக்கொண்டு தாணே, அம்பர்நாத் என்று போவார். கம்பெனி கேட்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நான் ஜெர்மனிக்குப் போன பிறகு அந்த நேரத்தில் எனக்கு எழுதத் தொடங்கினார். நேரில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், ஒரு விரலால் தட்டித் தட்டி நாலு வரி, பத்து வரி, சில நாள் ஒரு திரை முழுக்க எழுதினார். இடையில் ஒன்றிரண்டை ஆப்பில் போட்டுப் பார்த்தேன். அவருடைய ஊர்ப்பேச்சை அது குதறிப் போட்டது. எனக்குத் தலைவலிதான் மிச்சம். எழுத்தே வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த டிபன் பாக்ஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதனால் ஹார்ட் போட்டேன்.

பயணம் முடிந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவும் அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஊர்க்கதைகளைச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும் அப்பா ஃபோனைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மெசேஜு பாத்தியா மக்கா?"

"பாத்தேன்ப்பா."

"சிரிச்சிருந்தியே."

"ஆமாப்பா. நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

"அப்பம் ஒண்ணுமில்லைல்லா?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் தலையாட்டினார். முகம் தெளிந்துவிட்டது. மருந்து படிக்கிற மகள் சொல்லியாயிற்று. எனக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. அம்மா திரும்பி வந்து நான் இளைத்துவிட்டேன் என்றாள்.

ஜூனில் மழை. தண்ணீர் தேங்கிய சந்தில் அப்பா இறங்கி நடந்திருக்கிறார். பாதத்தில் ஏதோ குத்தியிருக்கிறது. அது அவருக்குத் தெரியவே இல்லை. நாலைந்து நாள் கழித்து பெட்ஷீட்டில் கறை பார்த்து அம்மா காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். எனக்குப் பரீட்சை என்று ஒருவரும் சொல்லவில்லை. முடிந்த அன்று மதியம் அம்மா கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு ஒரு சின்ன ஆப்பரேஷன் நடந்திருக்கு. பயப்படாதட்டி. வெரல் மட்டுந்தான் எடுத்திருக்காவ."

"எந்தக் கால்?"

"எடது கால். ஏன் கேக்க?"

பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

முதல் செய்தி வந்தபோது மேகி கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். லைப்ரரிக்குத் திருப்ப வேண்டிய புத்தகம் ஒன்று இருந்தது, நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பூனேக்காரியிடம் அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு நிஜ அர்த்தம் என்ன என்று சொன்னேன். அவள்தான் உடைந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இது என் அப்பா, நீ ஏன் அழுகிறாய் என்று உள்ளுக்குள் எரிச்சலாக வந்தது. எனக்கும் ஏதோ மரத்துப்போயிருந்தது என்று எழுத வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அது அவருடைய சொல், அதற்கு அவர் கொடுத்தது ஒரு கால்.

ஆகஸ்டில் ஊருக்கு வந்தேன். அப்பா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, முதலிலேயே பார்க்கக் கூடாதா? "எனக்குத் தெரியலல்லா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்தபடி, "இந்த மனுசன் யாருட்டயும் ஒரு வார்த்த சொல்லல. ஒன்ட்டயாவது சொன்னாவளா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால் மரத்துவிட்டது என்று எழுதியதை மகள் வாசித்தாள், சிரித்தாள், ஒன்றுமில்லை என்றாள் என்று நாலு மாதமாக இந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் எனக்கு டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்கிறார். சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் அவருக்கு எப்போதும் அந்தச் சிரிப்பாகத்தான் இருப்பேன்.

செயற்கைக் காலுக்கு அளவெடுக்க தாணேக்கு டாக்ஸியில் போனபோது சொன்னேன். டிரைவர் ஹிந்திக்காரர் என்பது வசதியாக இருந்தது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுப்பா."

"சும்மா கெட மக்கா. சர்ச்சுல பிரைஸ் வாங்குனவ நீ."

"மனப்பாடம்ப்பா. இங்கிலீஷ்ல எழுதி வச்சு படிச்சேன்."

டிபன் பாக்ஸ், விரல் ஓட்டியது, ஆப், டிராம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மரம் என்று வந்த இடத்தில் அப்பா சிரித்துவிட்டார். "கால் மரத்துக்குப் போச்சா?" என்று திரும்பக் கேட்டுக் கேட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். டிரைவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். பாரம் இறங்கிவிட்டது என்று நான் சீட்டில் சாய்ந்தேன். கால் போனதற்கு அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை.

முலுண்டு தாண்டியதும் அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அப்பம் மத்ததெல்லாம்?"

"எதுப்பா?"

"நான் எழுதுனது. ரெண்டு வருசமா."

நான் மடியில் இருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒண்ணு கூடவா வாசிக்கல?"

"இல்லப்பா."

"ஹார்ட்டெல்லாம் போட்டியே."

"போட்டேன்ப்பா."

"சரி" என்றார். இடது பக்க ஜன்னல் வழியாக ரோட்டோரத்தைப் பார்த்தபடி வந்தார். அளவெடுக்கிற இடத்தில் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். திரும்பும் வழியில் எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுக்கச் சொல்லி டிரைவரிடம் காசு கொடுத்தார்.

ஜெர்மனிக்குத் திரும்பி மூன்று மாதத்தில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். குழந்தைகளுக்கான வீடியோதான், அணிலும் ஆடும் வரும். ர எங்கே, ற எங்கே என்று இன்னும் தடுமாறுகிறேன், ஃபோன் திருத்திவிடுகிறது. பிறகு அப்பாவின் மெசேஜ்களை முதலிலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். தினம் ஐந்தாறு.

பெரிய விஷயம் எதுவும் இல்லை. அம்பர்நாத்தில் கேட் திறக்கவில்லை. உன் வயதுப் பெண் ஒன்று ஸ்கூட்டியில் ஹெல்மெட் போடாமல் போனது, நீ போடு. அம்மா நேற்று உன் சட்டையைப் போட்டுக்கொண்டு மாவு பிசைந்தாள். சின்ன வயதில் உன்னை ஒரு தடவை அடித்தேன், உனக்கு ஞாபகம் இருக்கா, எனக்கு இருக்கு. ஒவ்வொன்றின் கீழும் என் ஹார்ட்.

முதல் மெசேஜ் நான் விமானம் ஏறிய மறுநாள் வந்தது. "நேத்து ஏர்போர்ட்ல ஒண்ணும் சொல்லல. சொல்லத் தெரியல. இன்னைக்கு தாணே போவயில முலுண்டு தாண்டி வண்டிய ஓரங்கட்டிட்டு கொஞ்ச நேரம் அழுதேன். அம்மாட்ட சொல்லாத. நீ பதில் போடு." அதற்கு நான் போட்டிருந்தது கட்டைவிரல்.

டாக்ஸியில் போன அந்த நாளுக்குப் பிறகு அப்பா எழுதுவதில்லை. வாய்ஸ் மெசேஜ்தான். "சாப்டியா மக்கா, பத்திரம்." எல்லாமே பத்து நொடிக்குள் முடிந்துவிடும். அம்மா பக்கத்தில் இருப்பாள், பாத்திரச் சத்தம் கேட்கும்.

எல்லாவற்றையும் வாசித்து முடித்த அன்று முதல் தடவையாக அவருக்குத் தமிழில் எழுதினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஒரு திரை முழுக்க வந்தது. முலுண்டுக்குப் பதில் எழுதினேன். அடித்ததற்கு, சட்டைக்கு, ஹெல்மெட்டுக்கு, காலுக்கு. அனுப்பிவிட்டு ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். இரண்டு டிக்கும் நீலமாகின. 'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது.