முந்திரிப் பழத்துப் பாகு

எங்கள் பக்கத்து ஆட்களைப் பொறுத்தவரை முந்திரி மரத்தில் கொட்டை மட்டும்தான் காய்க்கிறது. கோடையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே வீசிவிடுவார்கள். தோப்பெல்லாம் ஈ மொய்க்கும். அந்தக் குப்பைக்கு அவர்கள் மூளை கண்டுபிடித்திருந்த ஒரே உபயோகம் ஊறல். மதுவிலக்கு இருந்த காலம். பழச்சாற்றில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு, எருக்குழியில் புதைத்து, நுரைத்ததும் காய்ச்சிக் குடிப்பார்கள். மிச்சச் சக்கை ஓடையில் நாறும்.

நான் அப்போதுதான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு விருத்தாசலத்துக்குத் திரும்பியிருந்தேன். சாராயமாகப் போகிற அதே சர்க்கரையை, அது புளிப்பதற்கு முன்பே சுண்டக் காய்ச்சினால் பாகு. ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றினால், தொண்டையைப் பிடிக்கிற காறல் அடியில் படிந்துவிடும். சக்கையைக் காயவைத்தால் மாட்டுத் தீவனம். இவ்வளவுதான் விஷயம். இதைத் தோப்புக்காரரான சித்தப்பாவுக்கு ஒரு வாரம் விளக்கினேன். தோப்பில் சும்மா கிடந்த கொட்டாயைத் தொழிலுக்குக் கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை திட்டக்குடி வெல்ல மண்டிக்காரர் வர்றாரு. அவரு சரின்னா கொட்டாய் ஒனக்கு. இல்லன்னா வாய மூடிக்கிட்டு நெய்வேலிக்கு டைப் அடிக்கப் போயிடணும்” என்றார்.

செராமிக் கம்பெனியில் கோணிப்போனதென்று ஒதுக்கிய ஜாடிகளை வாங்கி வந்தேன். சனிக்கிழமை சாறு பிழிந்து, கஞ்சி ஊற்றித் தெளியவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடிந்ததும் காய்ச்ச வந்தால் ஜாடிகளைக் காணோம்.

“ஜாடிங்க எங்க சித்தப்பா?”

“கத்தாதடா, போலீஸ்காரன் காதுல வுழப்போவுது. எருக்குழில பத்திரமா இருக்குது.”

“எருக்குழியிலயா?”

“பின்ன? பட்டை போடாமயே வூட்டுக்குப் போயிட்ட. நம்ம ஆளுங்கதான் பட்டையும் வெல்லமும் போட்டு, பழைய ஊறல் ஒரு சொம்பு வுட்டு மூடுனாங்க. பி.எஸ்ஸி. படிச்சி என்னத்தக் கிழிச்ச?”

“பாகுன்னுதானே சொன்னேன்!”

சித்தப்பா கண்ணடித்தார். “ஊருக்கு அப்படித்தான் சொல்லணும். எங்கிட்டயுமாடா?”

ஒரு வாரம் நான் தொண்டை வறளப் பேசிய ரசாயனத்தை மனிதர் ரசித்துத்தான் கேட்டிருக்கிறார், போலீசுக்குச் சொல்ல எவ்வளவு நேர்த்தியான பொய் என்று. குடிப்பதற்கு இல்லாமல் ஒருவன் முந்திரிப் பழத்தைப் பிழிவான் என்பது அந்த மண்டைகளுக்குள் ஏறவே இல்லை.

மண்டிக்காரர் வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஜாடியைத் திறந்து முகர்ந்ததும் முகம் மலர்ந்தது.

“தம்பி, பாகு பிரமாதமா வந்திருக்குதே!”

“இது பாகு இல்லைங்க. கெட்டுப்போச்சுங்க.”

“கெட்டாத்தானே தம்பி நல்லாருக்கும்!” விபூதி உதிரச் சிரித்தார். “வெல்லம் எத்தினி மூட்டை வேணுமோ கேளுங்க, வண்டியிலயே அனுப்பறேன்.”

சித்தப்பா பூரித்துப்போய் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். “இந்தாடா. கொட்டாய் ஒன்னுது.”

“பாகு காய்ச்சத்தான்னா குடுங்க.”

“அதுக்கு எவன்டா கொட்டாய் குடுப்பான்?”

சாவியை நான் தொடவில்லை. மறுநாள் காலை நெய்வேலி பஸ்ஸில் ஏறினேன். வழியனுப்ப வந்த சித்தப்பா கண்டக்டரிடம் ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்ல கைராசிங்க இவனுக்கு. பொழைக்கத்தான் தெரியல.”