மணம் தெரியாமல் போட்ட ஓட்டு

எர்மெலிந்தாக்கா தெற்கு இத்தாலியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவள். அவளும் நானும் பல வருஷம் ஒரே காரில் அவெல்லினோ நகரத்துக்குப் போய்வந்தோம், ஒயின் ருசி பார்க்க. வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. இதை என் மனைவியின் அம்மா கடைசிவரை நம்பவில்லை. "காலங்காத்தால ரெண்டு பேரும் குடிக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டுத்தான் எங்களை வழியனுப்புவாள்.

எங்கள் பக்கத்திலேயே உசத்தியான சிவப்பு ஒயினுக்குத்தான் தவுராசி என்று பெயர்; அந்தப் பெயரைப் புட்டியில் ஒட்டுவது லேசான காரியம் இல்லை. கலோரே ஆற்றுப் பக்கத்துக் குன்றுகளில், சட்டத்தில் பெயர் போட்டிருக்கும் ஊர்களில் விளைந்த அல்யானிகோ திராட்சையாக இருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே செடி, அதே மண் இருந்தாலும் பெயர் கிடையாது. நிலத்தில் இவ்வளவுக்கு மேல் பறிக்கக் கூடாது. மூன்று வருஷமாவது நிலவறையில் கிடக்க வேண்டும், அதில் ஒரு வருஷம் மரப்பீப்பாயில். ஆய்வுக்கூடம் பார்த்து முடித்த பிறகு ருசி பார்க்கும் குழுவான எங்கள் ஐந்து பேர் முன்னால் வரும். யாருடைய ஒயின் என்று எங்களுக்குத் தெரியாது. கிண்ணத்தில் எண் மட்டும் இருக்கும். மூன்று பேர் சரி என்றால் கழுத்தில் அரசாங்கப் பட்டை ஏறும். இல்லையென்றால் ஒரு படி இறங்கி, வெறும் இர்பினியா என்று எங்கள் வட்டாரத்தின் பெயரில் போகும். அதற்கும் லாயக்கில்லாவிட்டால் ஊர்ப் பெயரே இல்லாமல் சிவப்பு ஒயின், அவ்வளவுதான்.

அக்கா இதில் வந்து சேர்ந்ததே ஒரு விபத்தால். ருசி பார்க்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தது அவள் புருஷன் நுன்சியாந்தே. முதல் வகுப்புக்கு முன்பு டிராக்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். "பேர் குடுத்தாச்சு, யாராவது போய் உக்காரணும்ல" என்று அவள் போனாள். அவன் கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்தபோது அவள் பரீட்சையில் தேறிவிட்டிருந்தாள்.

அறையில் நாங்கள் நான்கு பேரும் கிண்ணத்தைச் சுழற்றி, முகர்ந்து, மறுபடி சுழற்றி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்போம். அவள் ஒரு தடவை முகர்வாள், ஒரு வாய் வைப்பாள், எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். அவள் தள்ளிப் பெரிய கைகளின் ஒயினும் விழுந்திருக்கிறது, சொந்தக்காரர்கள் ஒயினும் விழுந்திருக்கிறது. பிறகு அது யாருடையது என்று ஊரில் கசியும்போது முகம் சுளிப்பவர்களிடம், "என் வேலை கிண்ணத்துக்குள்ளதான், வெளிய இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அந்தத் தைரியம் வந்ததே இல்லை. யாருடையது என்று தெரியாதபோதே எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த ஜனவரியில் ஊர் முழுக்கக் காய்ச்சல். அக்காவும் படுத்தாள், எழுந்தாள், பள்ளிக்கூடம் திறந்ததும் சமையலுக்குப் போனாள். அவளுக்கு உதவியாக இருக்கும் பீனா பின்கட்டிலிருந்து ஓடி வந்து கத்தினாள்: "அக்கா! பால் அடிப்பிடிக்குது, பக்கத்துலயே நிக்கிறீங்க!"

அக்கா பாத்திரத்தை இறக்கிவிட்டுக் குனிந்து முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். பூண்டை நசுக்கி மூக்கில் வைத்தாள். வினிகர் புட்டியை முகர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, வாடை வரவில்லை.

வீட்டுக்கு வந்து நுன்சியாந்தேயிடம், "உன் பூட்ஸைக் கொண்டா" என்றாள்.

"எதுக்கு?"

"மோந்து பாக்க."

"காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

அவள் பூட்ஸுக்குள் முகத்தை விட்டு மூச்சை இழுத்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். "என் பூட்ஸ் நாறலன்னு ஒரு பொம்பள அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன்" என்று நுன்சியாந்தே பின்னால் என்னிடம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான், முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

டாக்டர், மோப்பம் திரும்பி வரும், சில பேருக்கு ஒரு வாரத்தில் வரும், சில பேருக்கு வருஷமாகும் என்றார். வராமலும் போகலாம் என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வந்துவிடும் என்ற நினைப்பில் பிப்ரவரியில் அவெல்லினோவுக்கு வந்தாள். மார்ச்சிலும் வந்தாள். நாக்கில் உறைக்கும் துவர்ப்பையும் நிறத்தையும் எங்கள் முகங்களையும் பார்த்து ஓட்டுப் போட்டாள். கொஞ்சம் மெதுவாக எழுதுகிறாள் என்று எனக்குப் பட்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் வந்த ஒரு ஒயினில் நாங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்தோம். ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது என்று நானும் இன்னொருவரும் தள்ளினோம். மற்ற இரண்டு பேருக்கு அப்படித் தெரியவில்லை. ஐந்தாவது ஓட்டு அக்காவுடையது. சரி என்று எழுதினாள். ஒயின் தேறியது.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. நுன்சியாந்தே, "அஞ்சு பேர்ல நீ ஒருத்தி. மத்த நாலு பேருக்கு மூக்கு இருக்குல்ல? எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கிற?" என்றான்.

"நாலு பேரும் ஒண்ணு சொன்னா பரவாயில்ல. ரெண்டு பேர் அந்தப் பக்கம், ரெண்டு பேர் இந்தப் பக்கம். நடுவுல நான் நின்னேன். எதப் பாத்து நின்னேன், சொல்லு?"

"சரி, வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இதுவரைக்கும் நீ தள்ளின ஒயின்காரன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான்."

"நிக்கட்டும், காப்பி போட்டுக் குடுக்கறேன்."

ஏப்ரல் கூட்டத்தில் கிண்ணங்களை வைத்து முடித்ததும் அவள் எழுந்து நின்றாள். எங்களுக்குத் தலைமை லொரெதானா மேடம், ஒயின் படிப்புப் படித்து பாதி இத்தாலியின் நிலவறைகளைச் சுற்றியவர்.

"மேடம், எனக்கு மூக்கு இல்ல" என்றாள் அக்கா.

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப நடுவுல முளைச்சிருக்கிறது என்ன, கத்தரிக்காயா?"

"கத்தரிக்காய்தான். ஜனவரி காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாடையும் தெரியல. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நான் சும்மா உக்காந்து எழுதிட்டுப் போயிருக்கேன். அது தப்பு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ வந்து சொல்றீங்களே. ஒதுங்கிக்கணும்னா உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை போதுமே."

"ஒதுங்கறதுக்கு அது போதும். நான் எழுதினது அப்படியே இருக்கும்ல? என் ஓட்டால தேறினது, என் ஓட்டால விழுந்தது எதுவோ, அத மறுபடி பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

ஒவ்வொரு ஒயினிலும் சீல் வைத்த புட்டிகள் சில மிச்சம் எடுத்து வைப்பது வழக்கம். மேடம் பழைய தாள்களைப் புரட்டினார். மற்ற எல்லாவற்றிலும் அவள் ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. அந்த ஈரச் சாக்கு ஒயின் ஒன்றுதான் அவள் ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முடிவைச் சொல்லும் கடிதம் இன்னும் போகவில்லை. அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வேறொருவரை உட்காரவைத்து, வேறு எண் போட்டு, மறு வாரம் அதை மறுபடி கொடுத்தார்கள். இந்த முறை நான்கு பேர் தள்ளினோம்.

அந்த ஒயின் சபீனோவுடையது. நுன்சியாந்தேயின் சித்தப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். அதோடு, ஒவ்வொரு வருஷமும் அக்கா வீட்டுத் திராட்சையை வாங்குவதும் அவன்தான். அவள் தோட்டத்துப் பழமும் அந்தப் பீப்பாய்க்குள் இருந்தது.

தவுராசி ஆகாது என்ற கடிதம் வந்த அன்று சபீனோ முற்றத்தின் நடுவில் நின்று போட்ட சத்தம் கோயில்வரை கேட்டது.

"அண்ணி! மூக்கு போனது உங்களுக்கு. தலை போனது எனக்கா? தேறினத எதுக்குக் கிளறினீங்க?"

"யாருதுன்னு எனக்குத் தெரியாது, சபீனோ."

"தெரிஞ்சிருந்தா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டென்று பெருமையாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வாரம் தூங்காம இருந்திருப்பேன். அப்புறம் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"வாயில்லேன்னா உங்கள நாய் தூக்கிட்டுப் போயிடும்!" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினான்.

நுன்சியாந்தே பயந்தது நடக்கவும் செய்தது. காப்பிக் கடையில் நாங்கள் இருந்தபோது, போன வருஷம் ஒயின் விழுந்த ஒருவன், "அப்ப என்னுதப் பாத்தப்பவும் அவளுக்கு மூக்கு இல்லையோ என்னவோ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். ரொட்டி வாங்க வந்திருந்த அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை.

"அப்ப இருந்துச்சுப்பா. நல்லாவே இருந்துச்சு. உன் ஒயின்ல வினிகர் வாடை அடிச்சுது. சந்தேகம்னா மிச்சம் புட்டி வச்சிருப்பாங்க, மறுபடி பாக்கச் சொல்லு. நானே எழுதிக் குடுக்கறேன்."

மறுபடி பார்க்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனார்.

பள்ளிக்கூடத்திலும் அவள் மறைக்கவில்லை. தலைமையாசிரியையிடம் சொன்னாள். நல்லவேளை, வேலையை விட்டு அனுப்பவில்லை. "பீனா, மோந்து பாரு" என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டில் உப்பும் மிளகாயும் ஏறிக்கொண்டே போயின. மணம் இல்லாத நாக்குக்கு எதுவும் பற்றவில்லை. நுன்சியாந்தே ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீர் குடிப்பான். அவன் எதிரில் உட்கார்ந்து ஒருநாள் சாப்பிட்ட எனக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய அன்பு என்று.

அக்டோபர் கடைசியில் பழம் கனிந்தது. அல்யானிகோ எப்போதும் கடைசியாகத்தான் பறிக்கும் பழம். மலையில் குளிர் இறங்கிவிட்டிருக்கும். சபீனோ வாங்க மாட்டான் என்று நுன்சியாந்தே வேறு ஆட்களை விசாரித்துக்கொண்டிருந்தான், யாரும் சரியாகப் பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் காலை முற்றத்தில் பெட்டிகள் இறக்கும் சத்தம் கேட்டது. சபீனோ எப்போதும்போல் தன் காலிப் பெட்டிகளை அவர்கள் வீட்டு வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா வெளியே வந்து பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

"திராட்சை மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல அண்ணி" என்றான். "சீக்கிரம் பறிங்க, மழை வருது."

அன்று நானும் பறிக்கப் போயிருந்தேன். மதியம் எல்லோருமாகத் தோட்டத்தில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். அவன் கொண்டுவந்தது அந்த இறங்கிய ஒயின்தான், இர்பினியா என்ற பெயரில் அவன் மெதுமெதுவாக விற்றுக்கொண்டிருந்தது. அவளுக்கு ஊற்றும்போது, "உங்களுக்கு இதுல ஒரு குறையும் தெரியாது, நிம்மதியாக் குடிங்க" என்றான். முதலில் சிரித்தது அவள்தான். அவன் பீப்பாய்களைப் பற்றி, அந்தச் சாக்கு வாடை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி, யாரும் பேசவில்லை. தன் ஒயினைத் தள்ளியது சரி என்று அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மறு வருஷம் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் கோணல்மாணலாக. காப்பியில் ரப்பர் எரியும் வாடை வந்தது. வெங்காயம் வதக்கினால் ஓடிப்போய் வெளியே நின்றாள். டாக்டர் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார். அதற்கடுத்த குளிர்காலத்தில் பல வாடைகள் ஒழுங்காகிவிட்டன. லொரெதானா மேடம் ஆள் அனுப்பினார்: அவள் நாற்காலிக்கு இன்னும் நிரந்தரமாக யாரையும் போடவில்லை, வந்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

நான்தான் காரில் கூட்டிப்போனேன். மேடம் வரிசையாகக் கிண்ணங்களை வைத்தார். புளிச்செர்ரி, புகையிலை, வினிகர், எல்லாம் சொல்லிவிட்டாள். மேடத்துக்கு முகம் மலர்ந்தது. கடைசிக் கிண்ணத்தை அக்கா மூன்று முறை முகர்ந்தாள்.

"இதுல ஏதோ இருக்குன்னு உங்க முகம் சொல்லுது. எனக்கு ஒண்ணும் தெரியல."

"கெட்டுப்போன தக்கையோட வாடை" என்றார் மேடம். "இது ஒண்ணுதானே எர்மெலிந்தா. போகப் போக வரும். நல்ல மூக்கு இருக்கும்போதே பாதிப் பேருக்கு இது பிடிபடாது."

"பிடிபடாதவங்க பாதிப் பேர் ஏற்கெனவே இருக்காங்கல்ல? இன்னொருத்தி எதுக்கு?" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மேடம் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நான் ரேடியோவைப் போடவில்லை. குன்று ஏறும் திருப்பத்தில் ஒருவர் கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். புகை சாலைமேல் மிதந்து வந்தது. அக்கா ஜன்னலை இறக்கினாள்.

"நிறுத்துடா."

"என்னக்கா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

இறங்கி ஓரமாக நின்று மூச்சை இழுத்தாள். "இது தெரியுது. கோணல் இல்லாம, நேரா, அப்படியே தெரியுது மொதெஸ்தினோ" என்றாள். கண் கலங்கியிருந்தது, புகையினாலும் இருக்கலாம். நான் காரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரில் கை விறைத்தது. ஆனாலும் ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எரித்துக்கொண்டிருந்தவர் மேலேயிருந்து கத்தினார்: "என்னம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லண்ணே, ஒண்ணும் இல்ல" என்று அவள் கத்தினாள். "நீங்க பாட்டுக்கு எரிங்க!"