மூன்றாம் முடிச்சு

பெரியநாயகி குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறைகளுக்குப் பாவு பிணைக்கும் வேலைக்குப் போகிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீர்ந்தால் அடுத்த பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். அவருடைய வலது கையில் அந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கிவிட்டன. கேட்பவர்களிடம், தறி பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டதாக வீட்டார் சொல்லுவார்கள். உண்மையில் அது தொழுநோய். இருபத்தாறு வயதில் கண்டுபிடித்தார்கள். ஓராண்டு மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். விரல்கள் மட்டும் நிமிரவில்லை. நான் அவரைப் பார்த்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. கணவர் சிவக்குமார் தறி ஓட்டுகிறார். பள்ளிக்குப் போகும் ஒரு மகன் உண்டு.

தொழுநோயிலிருந்து குணமானவர்களை ஊர் எவ்வளவு ஒதுக்கிவைக்கிறது என்பதை அளக்கும் திட்டம் ஒன்றின் அலுவலகம் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தது. அரசுப் புள்ளியியல் துறையில் ஓய்வு பெற்ற பிறகு, நிரப்பி வரும் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையை அங்கே எனக்குக் கொடுத்தார்கள். கேள்விகளின் அமைப்பு எளிமையானது. நோய் கண்டவர், நோய் இல்லாத ஒருவரை, வயதிலும் வசதியிலும் தனக்கு இணையானவரை, முதலில் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவரைப் போலவே தானும் வேலைக்குப் போகிறோமா, விருந்துக்குப் போகிறோமா, சடங்குகளில் பங்கெடுக்கிறோமா என்று பதில் சொல்ல வேண்டும். எங்கே குறைகிறதோ அங்கே மதிப்பெண் விழும்.

பெரியநாயகியின் படிவத்தில் ஒரு மதிப்பெண்கூட விழவில்லை. எதிலும் குறைவில்லை என்று இருந்தது. இணையானவர் என்ற இடத்தில் காத்தான் என்று எழுதியிருந்தது. அந்தக் காத்தானின் படிவமும் அதே படிவக் கட்டுக்குள்தான் இருந்தது. அவரும் தொழுநோய் வந்து குணமானவர். புண் ஆறாமல் ஒரு காலை எடுத்திருந்தார்கள். கேள்வி கேட்கப் போன யாழினி புதிய பெண். அவளுக்குக் காத்தான் யாரென்று தெரிந்திருக்க வழியில்லை. படிவத்தைத் திருப்பி அனுப்பாமல், அவளை அழைத்துக்கொண்டு நானே குமாரபாளையம் போனேன்.

பெரியநாயகி பட்டறை வாசலுக்கு வந்து நின்று பேசினார்.

"காத்தானண்ணனத்தாங்க நெனச்சுக்கிட்டேன். அவருக்கு ஒரு காலே இல்லீங்க. அவரப் பாத்தா நா மவராசிங்க."

"நோய் வராதவங்களா ஒருத்தரச் சொல்லுங்கக்கா," என்றாள் யாழினி.

"அப்படின்னா எந்தங்கச்சி ஜெயப்பிரியாதான். அஞ்சு வருசம் எளையவ. இதே ஊருலதான் கட்டிக் குடுத்திருக்குது."

மறுபடியும் முதலிலிருந்து கேட்டோம். வேலைக்கு, கடைக்கு, கோயிலுக்கு எல்லாவற்றுக்கும் முன்பு போலவே தடையில்லாமல் பதில் வந்தது. குடும்பச் சடங்குகளில் ஜெயப்பிரியாவைப் போலவே நீங்களும் பங்கெடுக்கிறீர்களா என்று கேட்டபோது மட்டும் பதில் வேறாக இருந்தது.

"எந்தம்பிக்கு வர்ற மாசம் கல்யாணமுங்க. மூணாவது முடிச்சு யாரு போடறதுன்னு எங்கிட்ட ஒருத்தரும் இன்னும் சொல்லுலீங்க."

மாப்பிள்ளை தாலியில் இரண்டு முடிச்சுப் போட்டதும் மூன்றாவதை அவருடைய உடன்பிறந்தவள் போடுவது அவர்கள் வழக்கம். இரண்டு சகோதரிகள் இருந்தால் மூத்தவளுக்கு உரிமை. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லாமல் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தோம்.

அன்று மாலையே அவர் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை அவரும் தம்பி குமரகுருவும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

"முடிச்சு யாருடா போடறது?" என்று நேராகக் கேட்டிருக்கிறார்.

"ஜெயாவே போடட்டுமுன்னு அம்மா சொல்லுது. உனக்குக் கை சிரமமில்லயாக்கா."

"ஒரு நாளைக்கு மூவாயிரம் எழ பிணைக்கறேன். ஒரு மஞ்சக்கயித்துல முடிச்சுப் போடறது சிரமமாடா?"

அம்மா குறுக்கே வந்தார். "அதுக்கில்ல சாமி. பொண்ணூட்டுக்காரங்க கிட்டக்க நின்னு கையப் பாத்தா நாலு கேள்வி கேப்பாங்க. பெல்ட்டுல அடிபட்டுதுன்னு சொல்லி வெச்சிருக்குது."

ஜெயப்பிரியாவும் அங்கே இருந்தாள். "இத்தன நாளு கேக்காதவ, அந்த சர்வேக்காரங்க வந்துட்டுப் போனதும் கேக்கறா பாரு. அவங்க வந்து கல்யாணத்த நடத்துவாங்களாக்கும்?"

"உனக்கு அந்த முடிச்சு வேணுமுன்னா வேணுமுன்னு சொல்லுடீ. எங்கையச் சொல்லாத."

"எனக்கென்ன வேண்டிக் கெடக்குது? அம்மா சொல்லுச்சு, செரீன்னேன்."

மூன்றாம் நாள் குமரகுரு பஸ் ஏறி ராசிபுரம் போய், ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெண்ணின் அப்பாவிடம், மாமனாராகப் போகிறவரிடம், உள்ளதைச் சொன்னார். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்றுதான் போனாராம்.

மாமனார் கோபப்படவில்லை. "மருந்து முடிஞ்சுதுங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

"முடிஞ்சு பத்து வருசத்துக்கு மேல ஆச்சுங்க. யாருக்கும் ஒட்டாதுங்க மாமா."

"அப்பறம் என்னங்க. நாங்க அதெல்லாம் பாக்கறவங்க இல்லீங்க." ஒரு காடாத்துணியை மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஒண்ணு பண்ணலாமுங்க. இப்பெல்லாம் மாப்பிள்ளையே மூணையும் போட்டுக்கறாங்க. போட்டோவுக்கும் நல்லாருக்கும். அக்கா, தங்கச்சி யாருக்கும் மனவருத்தம் வேண்டாமுங்களே."

அதை மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவுக்கு நிம்மதி. ஜெயப்பிரியா மட்டும், "உன்னால எனக்கும் போச்சு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எங்களுக்கும் பத்திரிகை வந்தது. யாழினியும் நானும் போயிருந்தோம். மேடையில் ஜெயப்பிரியா விளக்கைப் பிடித்துக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். பெரியநாயகி ஓரமாக, உறவுப் பெண்களுக்கு நடுவில் நின்றார். பட்டுச்சேலை முந்தானையை வலது கைமேல் இழுத்துவிட்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கியது. குமரகுரு முதல் முடிச்சுப் போட்டார். இரண்டாவது போட்டார். மூன்றுக்கும் அவரே என்று பேசிவைத்ததை யாரும் ஐயரிடம் சொல்லவில்லை.

"நாத்தனார் யாரும்மா? சீக்கிரம் வாங்கோ. முடிச்சப் போடுங்கோ," என்று அவர் மேளத்துக்கு மேலே சத்தம் போட்டார்.

குமரகுரு கயிற்றை விடவும் இல்லை, கட்டவும் இல்லை. பெண்ணின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேளத்தில் கேட்கவில்லை. ஜெயப்பிரியா அக்காவைப் பார்த்தாள்.

"போக்கா. எங்கையில வெளக்கு இருக்குது."

பெரியநாயகி வந்தார். முந்தானையை விலக்கிக்கொண்டு, தம்பியின் கையிலிருந்து கயிற்றின் இரு நுனிகளையும் வாங்கி, ஒரே சுற்றில் முடிந்து இறுக்கினார். மணப்பெண் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. போட்டோக்காரர், "இன்னொரு தடவ புடிங்கக்கா" என்றார். அவர் புன்னகையோடு ஒரு தடவை பிடித்துக் காட்டினார். பிறகு எல்லோரும் அட்சதை போட்டோம். பெண்ணின் அப்பா பந்தியில் என் இலைக்கே வந்து, பாயசம் போதுமா என்று விசாரித்தார்.

திட்டத்தின் இரண்டாவது சுற்றுக்குப் பெரியநாயகியிடம் நாங்கள் போனது அடுத்த மாதம். சடங்குகள் பற்றிய கேள்வி வந்ததும் யாழினி சிரித்துக்கொண்டே, "இதக் கேக்கவே வேண்டாம், நானே பாத்தேன்" என்றாள்.

"ஆமாங்க, போட்டுக்குங்க," என்றார் பெரியநாயகி. பிறகு, "தாலிக் கயித்த மாத்திட்டாங்க சாமி," என்றார்.

தாலியை மஞ்சள் கயிற்றிலிருந்து பிரித்துப் பொன் கொடியில் கோர்ப்பது அவர்கள் வழக்கப்படி மூன்றாம் மாதம். பெண் மறுவீட்டுக்கு ராசிபுரம் போன ஐந்தாம் நாளே அங்கே அதைச் செய்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் யாரையும் கூப்பிடவில்லை.

"ஏனுங்க இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டேன்.

"புள்ளைக்குக் கழுத்துல ஊறலெடுக்குதாமுங்க. மஞ்சக்கயிறு சில பேருக்குச் சேராதுங்க. எங்க சின்னம்மாளுக்கும் அப்படித்தான்."

"அந்தக் கயித்த என்ன செஞ்சாங்களாம்க்கா?" என்றாள் யாழினி.

"கேக்கலீங்க. எதுக்குங்க கேக்கோணும்? அந்தப் புள்ள எங்கிட்ட நல்லாத்தான் பேசுது. நேத்துக்கூட ஊட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டுப் போச்சு."

யாழினி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத எங்க சார் எழுதறது?"

எழுத இடமில்லை. கழுத்து அரிப்பு உண்மையாகவே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக் கேள்வி ஏதும் எங்களிடம் இல்லை. சடங்குகளில் குறைவில்லை என்ற கட்டத்தில் குறியிடச் சொன்னேன். உள்ளேயிருந்து யாரோ, பாவு ஏற்றியாகிவிட்டது என்று குரல் கொடுத்தார்கள்.

"வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி பட்டறைக்குள் போனார்.