லேமினேட் செய்த ரசீது

என் அண்ணன் லாரியில் வைத்திருக்கும் பையில் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் இவற்றோடு லேமினேட் செய்த ஒரு சின்னக் காகிதமும் இருக்கும். அரியலூர் கோர்ட்டில் அபராதம் கட்டிய ரசீது அது. அபராத ரசீதை லேமினேட் செய்து வைத்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கேஸ் முடிந்ததற்கு அதுதான் அத்தாட்சி என்று நம்பினார். நம்பச் சொன்னது நான்.

அப்போது நான் அரியலூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கல்லங்குறிச்சி ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கறவை மாட்டை அடித்துப்போட்டது. ஊரே மறியலில் உட்கார்ந்தது. நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்த அண்ணனின் பெயரும் கேஸில் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார். வக்கீல் சாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான்தான் யோசனை சொன்னேன். "ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிட்டு வந்துடுண்ணே. பெட்டி கேஸ்தான், ஒண்ணும் ஆகாது." நாலு மனு டைப் அடித்ததில் சட்டமே கைக்குள் வந்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

"செய்யாதத ஒத்துக்கறதாம்மா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு போய் ஒத்துக்கொண்டார்.

அரசு பஸ் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அந்த வேலைக்குத் தேர்வும் ஆனார். விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். 'எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டதுண்டா?' என்ற இடத்தில், முடிந்துபோன கேஸ்தானே என்று 'இல்லை' எழுதினேன். வேலைக்கு முன் அண்ணனைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் காபி கொடுத்த கையோடு, அண்ணனே உள்ளே போய் ரசீதை எடுத்துவந்து பெருமையாக நீட்டினார். போலீஸ்காரர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"அபராதமும் தண்டனதாங்க. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே இதக் கொண்டாந்து காட்டுறீங்களே!"

"அன்னைக்கு ஒத்துக்கிட்டது ஒரு தப்பு. இப்ப மறைச்சது அதவிடப் பெரிய தப்பும்மா" என்றார் வக்கீல் சார். அதே மாதம், எங்கள் ஆபீஸின் வெட்டுக்குத்து கேஸ்காரன் ஒருவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் வாதாடி, விடுதலையாகி லட்டு கொடுத்தான். என்னால் அதைத் தின்ன முடியவில்லை. கைநழுவிய வேலையைக் கேட்டு அண்ணனுக்காக எழுதிய மனுக்கள் எல்லாம் திரும்பி வந்தன. வயது வரம்பும் தாண்டியது. இப்போது அதே ரோட்டில் அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். நான் அதே ஆபீஸில் டைப் அடிக்கிறேன்.

போன வாரம் லாரியை ஓரம்கட்டிவிட்டு ஆபீஸுக்கு வந்தார். அவர் மகள் போலீஸ் வேலைக்கு எழுதப்போகிறாளாம். மேஜைமேல் விண்ணப்பத்தையும் அதன் பக்கத்தில் அந்த ரசீதையும் வைத்தார்.

"புள்ளைக்கு எழுதறப்ப இதயும் கேப்பாங்களாம்மா?"

அப்பன் மேலிருந்த பெட்டி கேஸ் மகளைத் தடுக்காது. என்றாவது இந்தக் கேள்வி வரும் என்று சாரிடம் முன்பே இரண்டு முறை கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். ஆனாலும் 'ஒண்ணும் ஆகாதுண்ணே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சார் உள்ளதான் இருக்காரு. அவருகிட்டயே கேட்டுக்கண்ணே" என்றேன்.

ரசீதின் மேலிருந்த வெள்ளைத் தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். விண்ணப்பம் என் மேஜையில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.